முதல் மூன்று பேருக்கான விலை

என் மனைவியின் தங்கை, அதாவது என் மச்சாள், பரந்தனிலிருந்து கண்டாவளைக்குப் போகும் வீதியோரம் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறார். வீடு அவருடையதல்ல. கனடாவில் இருக்கும் அவர்களுடைய அண்ணர் தாய்க்கென்று வாங்கியது. தாயைக் கடைசிவரை பார்த்தவர் மச்சாள்தான். தாயின் ஆண்டுத் திவசம் முடிந்து பந்தல் கழற்றிய கிழமையே, இனி அந்த வீட்டை என்ன செய்வது என்ற கதை தொடங்கிவிட்டது.

நான் கிளிநொச்சியில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். இரவு படுக்கப் போகுமுன் அன்றைய நாளையும் எழுதி வைப்பது வழக்கம். ஆகவே இங்கே சொல்லும் விலைகளும் வார்த்தைகளும் பெரும்பாலும் அந்தந்த நாளே எழுதியவை. எழுதும்போது மச்சாளைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் வேறு. இப்போது இருப்பது வேறு.

ஒரு லீசிங் கொம்பனி புதிய கிளைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தது. மாதம் ஐம்பதாயிரம் ரூபா வாடகை தருவதாகச் சொன்னார்கள். அவர்களுடைய ஆள் ஒருவர் வந்து ஹோலை நாடாவால் அளந்தார். குசினியில் பழைய பைல்களை அடுக்கலாம் என்று மச்சாளிடமே சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிறு அண்ணர் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார். போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மச்சாள் உட்பட எல்லோரும் கேட்கும்படி விட்டிருந்தோம்.

“தங்கச்சி, நான் உன்னை வீட்டை விட்டு எழும்பச் சொல்லேல்லை,” என்றார் அண்ணர். “ஆனா இஞ்ச எனக்கும் வீட்டுக் கடன் கழுத்தில நிக்குது. நீ அக்கா வீட்டில இருக்கலாம்தானே.”

“எத்தினை நாளைக்கு அண்ணை?”

“நாள் கணக்குப் பாக்கிற இடமோ அது?”

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏன், எங்கட வீட்டில உனக்கு என்னடி குறை?”

“ஒரு குறையும் இல்லை அக்கா. உன்ர வீடு எண்டதைத் தவிர,” என்றார் மச்சாள்.

பிறகு அவர் போனுக்குக் கிட்டக் குனிந்து, ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். முன்பக்கத்து இரண்டு அறைகளையும் அவற்றோடு சேர்ந்த குளியலறையையும் ஒரே பகுதியாக வழிப்போக்கர்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போகிறார். போனில் அதற்கென்று ஒரு செயலி இருக்கிறது. பின் அறையில் தான் இருப்பார். சித்திரை வருடப் பிறப்பு வரை அவகாசம் வேண்டும். அதற்குள் அந்த அறைகள் வீட்டைத் தாங்காவிட்டால் கொம்பனிக்குக் கொடுக்கலாம். “சரி, வருஷப் பிறப்பு வரைக்கும் பாப்பம்,” என்றார் அண்ணர்.

ஐப்பசியில் வேலை தொடங்கியது. மச்சாள் சங்கத்தில் கடன் எடுத்து ஒரு அறைக்கு ஏசி போட்டார். மெத்தைகளை மாற்றினார். வெள்ளைப் பெட்ஷீட் வாங்கி, நீலம் போட்டுத் தோய்த்து, மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணி அலுமாரியில் வைத்தார். நான் படங்கள் எடுத்தேன். ஒரு இரவுக்கு நாலாயிரம் ரூபா என்று விலை வைத்தோம். எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகு செயலி ஒரு கேள்வி கேட்டது. நீங்கள் புதியவர், முதலில் பதிவு செய்கிற மூன்று பேருக்கு விலையில் ஐந்திலொரு பங்கு கழிவு கொடுக்க விருப்பமா?

“வேண்டாம் எண்டு போடும்,” என்றேன் நான். “நாலாயிரம் மூவாயிரத்து இருநூறாப் போகும். பெட்ஷீட் தோய்க்கிற சவுக்காரத்துக்குக் கழிவு இருக்கோ? கரண்ட் பில்லுக்குக் கழிவு இருக்கோ? எல்லாம் உம்மட கையில இருந்துதான் போகும். குறைச்ச விலையைப் பிறகு கூட்டிறது லேசில்லை. நாங்கள் ஆலையில படுறபாடு எனக்குத் தெரியும்.”

மச்சாள் போனைத் தன் பக்கம் திருப்பி அந்தக் கேள்வியை இன்னொரு முறை வாசித்தார்.

“அத்தான், ஒருத்தரும் வந்து படுக்காத வீடு இது. ஒரு ஆள் எண்டாலும் நல்லதெண்டு எழுதேல்லை. வெறும் படத்தைப் பாத்து, என்னை நம்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் வாறது லேசோ? அந்த நம்பிக்கைக்கு நான் என்ன குடுக்கப் போறன்? இதைத்தான் குடுக்கலாம்.”

சொல்லிவிட்டு “ஓம்” என்ற இடத்தில் விரலை வைத்தார். கழிவு என்றால் நட்டம் என்றுதான் நான் அதுவரை எழுதி வந்திருக்கிறேன். வருகிறவரின் துணிச்சலுக்குக் கொடுக்கும் கூலி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றைக்கு அதை ஒரு பெண்ணின் இளகிய மனம் என்று எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.

செய்தி அயலில் பரவியது. எதிர்வீட்டு அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “என்ன பிள்ளை, விலையைக் குறைச்சுப் போட்டிருக்கிறீராம்? கிணத்துத் தண்ணி உப்பெண்டு சொல்லீட்டினமோ?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் மலிவென்றால் முதலில் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். மச்சாள் ஒரு செம்பு தண்ணீர் அள்ளிக்கொண்டுபோய் வேலிக்கு மேலால் கொடுத்தார். “குடிச்சுப் பாத்திட்டு நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்கோ அக்கா. எனக்கு விளம்பரச் செலவு மிச்சம்.”

முதலில் வந்தவர்கள் கொழும்பிலிருந்து ஒரு சிங்களக் கணவனும் மனைவியும். சுண்டிக்குளம் களப்பில் பறவை பார்க்க வந்தவர்கள்; கழுத்தில் தூரநோக்கிக் கண்ணாடி தொங்கியது. ஒரு இரவுதான். அவர்கள் கேட்டது அறை மட்டும். மச்சாள் அன்று மத்தியானமே களப்பு நண்டு வாங்கி வைத்துவிட்டார். இரவு புட்டும் நண்டுக்கறியும். விடியப்புறம் அவர்கள் புறப்படுமுன் இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டி, போத்தலில் தேநீரும் ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் பணப்பையைத் திறந்தபோது கையை ஆட்டி மறுத்துவிட்டார். மொழி தெரியாவிட்டாலும் அந்தக் கையாட்டல் அவர்களுக்கு விளங்கியது.

அடுத்த நாள் பின்னேரம் நான் கணக்குப் பார்த்தேன். வந்தது மூவாயிரத்து இருநூறு, அதிலும் செயலிக்காரரின் பங்கு போக. நண்டு, தேங்காய், எரிவாயு, கரண்ட், தோய்ப்பு எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது ஒரு நாள் கூலிகூட இல்லை.

“கழிவு ஐந்திலொண்டு. நீர் குடுத்த சாப்பாடு அதைவிடக் கூட,” என்றேன்.

“வீட்டுக்க வந்த ஆக்கள் சாப்பிடாமல் படுக்கிறதோ அத்தான்?”

“குடும். காசை வாங்கும். எல்லா இடத்திலையும் அப்பிடித்தான்.”

“என்ர குசினியில ஆக்கினதைக் காசுக்கு வித்தா அது கடை. நான் கடை திறக்கேல்லை. கட்டில் வேற, சோறு வேற.”

என் மனைவி சொதிக்குப் பால் பிழிந்தபடி குசினியிலிருந்து கேட்டார்: “ஏனப்பா, உங்கட கணக்கில புட்டு எந்தப் பக்கம் வருது? வரவோ, செலவோ?” இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தவறு எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. படுக்க இடம் கொடுத்துக் காசு வாங்குவதில் கூச்சமில்லை, ஆனால் சோற்றுக்கு வாங்கினால் மானம் போய்விடும். அறை வாடகைத் தொழிலில் முதல் மாதமே ஆளை விழுத்துவதற்கு இது போதும்.

கொழும்புக்காரர் செயலியில் ஐந்து நட்சத்திரமும் நாலு வரியும் எழுதினார்கள். அறை சுத்தம் என்பது ஒரு வரி. மிச்சம் மூன்றும் நண்டுக்கறி.

இரண்டாவது பதிவு வந்தபோது மச்சாள் ஓட்டோ பிடித்து ஆலைக்கே வந்துவிட்டார். முகத்தில் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. போனை நீட்டினார். பாலம் கட்டும் வேலையை மேற்பார்வை செய்ய வரும் ஒருவர், கார்த்திகைக் கடைசியிலிருந்து ஒரு மாதம் முழுவதற்கும் பதிவு செய்திருந்தார். ஒரு மாதம் அறை நிறைந்துவிட்டது என்று நான் வாயெடுக்கும்போதுதான் விலையைப் பார்த்தேன். ஒரு இரவுக்கு இரண்டாயிரத்து நானூறு.

விளக்கம் தேட அரை மணித்தியாலம் பிடித்தது. புதியவருக்கான கழிவு பதிவுக்குத்தான், நாளுக்கில்லை. மூன்று பேரில் ஒருவர் ஒரு இரவு நின்றாலும் அதே கழிவு, ஒரு மாதம் நின்றாலும் அதே கழிவு. அதற்கு மேல், நீண்ட நாள் தங்குபவருக்கு இன்னொரு கழிவு அந்தச் செயலியில் முதலிலிருந்தே சரி போட்டபடி கிடந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை நாங்கள் இருவரும் திறக்கவேயில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நாலாயிரம் இரண்டாயிரத்து நானூறாக இறங்கிவிட்டது. அதுவும் மார்கழியில், களப்புக்குப் பறவைகள் வந்து இறங்கும் மாதத்தில். கொழும்புக்காரரின் சிநேகிதர்கள் இரண்டு குடும்பங்கள் அந்த நாட்களில் வரலாமா என்று கேட்டிருந்தார்கள்.

“இதை இப்பவே ரத்துச் செய்யும். ஆள் இன்னும் வரேல்லைத்தானே,” என்றேன்.

“விலையைப் பாத்துத்தான் அந்தப் பிள்ளை காசு கட்டியிருக்குது. பிழை விட்டது நாங்கள். பிறகு என்னெண்டு வேண்டாமெண்டு சொல்லுறது?”

“அண்ணர் சித்திரையில கேப்பார், அப்ப என்ன சொல்லுவீர்? ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ரிவ்யூ. மூண்டு பேர் வந்து போனா மூண்டு ரிவ்யூ கிடைச்சிருக்கும்.”

“ஓம், அது நட்டம்தான்,” என்றார் மச்சாள், மறுக்காமல். “ஆனா சொன்ன விலை சொன்ன விலை.” ஆலையின் முன்கட்டில் இருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து செயலியைத் திறந்தார். அந்த நீண்ட நாள் கழிவை மட்டும் தன் கையாலேயே எடுத்துவிட்டார். “இனி வாறவைக்கு இது இல்லை. இவருக்கு இருக்கட்டும்.”

மேற்பார்வையாளர் முப்பது வயது மதிக்கத்தக்கவர். மலையகத்திலிருந்து வந்து வவுனியாவில் காணி வெட்டிக் குடியேறிய குடும்பம். மச்சாளை முதல் நாளிலிருந்தே அக்கா என்றார். இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தபோது கதவடியில் நின்றுகொண்டு, “வேணாங்கக்கா, நான் சந்தியில சாப்பிட்டுக்கிறேன். ரூமுக்குத்தான காசு கட்டியிருக்கேன்,” என்றார்.

“சந்தியில எட்டு மணிக்குக் கொத்துரொட்டிச் சத்தம் மட்டும்தான் மிச்சமா இருக்கும். வந்து இருங்கோ.”

வந்து இருந்தார். முதல் கவளத்திலேயே கண் நிறையத் தண்ணீர். “அக்கா, இது மீன் கொழம்பா, தண்டனையா?”

“மெய்யே? இண்டைக்கு உங்களுக்கெண்டு தூளைக் குறைச்சுத்தான் போட்டனான்.”

அந்த மாதம் முழுவதும் அவர் அந்த மேசையில்தான் சாப்பிட்டார். இடையில் அடைமழை பிடித்தது. இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கண்டாவளை வீதியில் முழங்காலளவு வெள்ளம். பால வேலை நின்றது. அவர் பகலிலும் வீட்டில்தான். மூன்று நேரமும் சாப்பாடு. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த வெள்ளத்தில் பறவை பார்க்க ஒருவரும் வந்திருக்க முடியாது. நான் மனத்தில் கூட்டி வைத்திருந்த இழப்பில் பாதி வெள்ளத்தோடு போய்விட்டது. அந்த நாட்களில் மாவட்டத்தில் எத்தனையோ அறைகள் வெறுமையாகக் கிடந்தபோது மச்சாளின் அறையில் இரண்டாயிரத்து நானூறாவது வந்துகொண்டிருந்தது. இருந்தாலும் மாத முடிவில் எல்லாச் செலவும் கழித்துப் பார்த்தபோது, கொம்பனி தருவதாகச் சொன்ன ஐம்பதாயிரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சியது. தொகையைத் தாழ்த்தியது கழிவு மட்டுமல்ல, சோறும்தான்.

மேற்பார்வையாளர் சனி ஞாயிறில் வவுனியாவுக்குப் போய்வரும்போதெல்லாம் தகப்பனின் தோட்டத்துக் கத்தரிக்காய், பூசணி, பயிற்றங்காய் என்று ஒரு உரப்பை நிறையக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தார். மச்சாள் அதை மறுக்கவில்லை. “இது காசில்லை,” என்றார் என்னிடம், நான் கேட்காமலே.

மார்கழிக் கடைசியில் ஒரு பின்னேரம் நான் போனபோது மச்சாள் மேசையில் போனை வைத்து யோசித்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், சாப்பாட்டுக்குக் காசு வாங்க என்னால ஏலாது. சாப்பாடு குடுக்காமல் விடவும் ஏலாது. உங்கட கணக்குப்படி ரெண்டும் சேந்தா நான் எழும்ப வேண்டியதுதான். சரியே?”

“சரி.”

“அப்ப கட்டிலின்ர விலையைக் கூட்டுவம். நாலாயிரம் இல்லை, ஐயாயிரத்து ஐந்நூறு. இரவும் காலமையும் சாப்பாடு இந்த வீட்டில உண்டு எண்டு எழுதுவம். அதுக்கு விலை போட வேண்டாம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “கழிவு குடுத்துத் தொடங்கின ஆள் பழைய விலைக்கே திரும்பக் கஷ்டம். நீர் பழைய விலைக்கும் மேல போகப் போறீரே?”

“பழைய விலை எனக்கு என்ன இருக்கெண்டு தெரியாமல் போட்டது. என்னட்ட இருக்கிறது அறையெண்டு நினைச்சன். கழிவுக்கு வந்தவை நண்டெண்டு எழுதிப்போட்டினம். அவை சொன்னதைக் கேக்க வேண்டாமோ?”

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். ஆலையில் நாங்கள் விலையைக் குறைப்பது சரக்கைத் தள்ளுவதற்கு. மச்சாள் குறைத்த விலையைக் கொடுத்துத் தன் சரக்கு எது என்று கேட்டு அறிந்துகொண்டார். சோற்றை விற்கவும் இல்லை. சோற்றால் அழியவும் இல்லை. இத்தனை வருடம் வரவும் செலவும் எழுதிய எனக்கு அந்த வழி தெரியவில்லை. அன்றிரவு எழுதும்போது, முதலில் எழுதிய அந்த இளகிய மனம் என்ற சொல் எவ்வளவு தவறு என்று எனக்குப் புரிந்தது.

ஆனால் மூன்றாவது கழிவு இன்னும் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்தவர்கள் லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம். உடையார்கட்டில் தங்கள் பழைய காணியின் எல்லை பார்க்க வந்தவர்கள். புதிய விலை போடுவதற்கு முதல் நாள் பதிவு செய்துவிட்டார்கள். இரண்டு இரவு நின்றார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டார்கள், நன்றாக எழுதினார்கள். தை நடுவில் காணி உறுதி எழுத மறுபடியும் வர வேண்டியிருந்தது. அந்த அம்மா நேரே போனில் மச்சாளைப் பிடித்தார். நான் அப்போது மேசையடியில் பழைய பில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“என்ன தங்கச்சி, விலை ஏறிக் கிடக்குது? போனமுறை தந்த விலைக்குத் தாங்கோவன். நாங்கள் என்ன பிறத்தியாரே?”

“அதுதான் அக்கா. அந்த விலை எங்களைத் தெரியாத ஆக்களுக்குத் தந்தது. இப்ப உங்களுக்கு எங்களைத் தெரியும்தானே.”

போனில் பெரிய சிரிப்பு. “நல்ல ஆள் நீங்கள்! தெரிஞ்ச ஆளெண்டு கூட வாங்கிற இடத்தை இப்பத்தான் பாக்கிறன்.”

“வாங்கோ, விளைமீன் வாங்கி வைக்கிறன்.”

அவர்கள் முழு விலையும் கட்டி வந்தார்கள். எல்லோரும் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தையில் இரண்டு பேர் பழைய குறைந்த விலையை யாரிடமோ கேள்விப்பட்டு, அது கிடைக்காது என்றதும் வேறிடம் போனார்கள். ஒரு கிழமைக்கும் மேல் அறை வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கிழமை மச்சாள் ஒவ்வொரு நாளும் பெட்ஷீட்டை உதறித் திரும்ப விரித்தார். விலையைக் குறைப்போமா என்று நான் ஒருமுறை கேட்டேன். “இன்னும் ரெண்டு நாள் பாப்பம்,” என்றார். குரல் உறுதியாக இல்லை. அவரும் பயந்துதான் இருந்தார் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் வேலை செய்யும் கந்தோரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மாதம் தங்கிய அந்தப் பிள்ளை எழுதிய ஒரே ஒரு ரிவ்யூ ஒரு முழுப் பக்கம் நீண்டிருந்தது. அதை வாசித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

மாசியில் பறவைக்காரர் வந்தார்கள். ஒருவர் போக ஒருவர். எதிர்வீட்டு அக்கா நண்டு துப்புரவாக்க வந்து, கூலியும் வாங்கி, கூடவே ஊர்க்கதையும் சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதம்தான் எல்லாச் செலவும், ஏசிக் கடனின் தவணையும் போக, ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. பங்குனியில் வெயில் ஏற ஆட்கள் கொஞ்சம் குறைந்தார்கள். தொகையும் அந்த அளவுக்குக் கீழே வந்தது.

வருடப் பிறப்புக்கு முந்தின ஞாயிறு அண்ணர் போன் எடுத்தார். இம்முறை மச்சாளின் வீட்டில், கொம்பனிக்காரர் அளந்த அதே ஹோலில் இருந்தோம். அதற்கு முதல் நாள் நான் மச்சாளிடம், மாசியையும் பங்குனியையும் மட்டும் சொல்வோம், அவைதான் உண்மையான விலைக்கு வந்த மாதங்கள், கழிவு மாதங்களைச் சேர்த்தால் சராசரி விழுந்துவிடும் என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை என்றும் சொன்னேன்.

“மார்கழியையும் சொல்லுங்கோ அத்தான்,” என்றார். “மார்கழி இல்லாட்டி மாசி எங்க இருந்து வந்தது?”

ஆகவே எல்லாவற்றையும் வாசித்தேன். கார்த்திகையில் கையில் வந்தது சொற்பம், மார்கழியில் கொம்பனி வாடகையின் பாதியளவு, தையில் அதற்கும் சற்று மேல், மாசி தாண்டியது, பங்குனி கிட்ட வந்தது. வாசித்து முடிக்கும்வரை அண்ணர் குறுக்கிடவில்லை.

“மச்சான், நேரா சொல்லுங்கோ,” என்றார் என்னிடம். “இது நிக்குமோ?”

“ஐம்பதாயிரம் உங்களுக்கும் தந்து அவாவும் சாப்பிடுறது எண்டா நிக்காது. அதில அரைவாசி தந்து அவா இருக்கிறது எண்டா நிக்கும்,” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அண்ணர் பெருமூச்சு விட்டார். அவர் கெட்ட மனிதரல்ல. இரண்டு வேலை செய்து அந்த வீட்டை வாங்கியவர். “தங்கச்சி, நீ இவ்வளவு செய்வாய் எண்டு நான் நினைக்கேல்லை. சரி, கொம்பனிக்காரனுக்கு நான் வேண்டாமெண்டு சொல்லுறன். இந்த வருஷம் நீ ஒண்டும் தர வேண்டாம். சும்மா இரு. அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பாப்பம்.”

என் மனைவியின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனம் நிறைந்தது. மச்சாள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வேண்டாம் அண்ணை.”

“என்ன வேண்டாம்?”

“சும்மா இருக்கிறது வேண்டாம். கழிவு எண்டா அது ஒரு நாள் முடியும். முடியிற நாளை நினைச்சுக்கொண்டு ஒரு வருஷம் இந்த வீட்டில என்னால நித்திரை கொள்ள ஏலாது. முடியாத விலையைச் சொல்லுங்கோ. அதை மாதம் மாதம் தாறன்.”

“உன்னட்ட நான் வாடகை வாங்கிறதோ? ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் உங்களுக்குக் காசு அனுப்பாது, நான்தான் அனுப்பப் போறன். சொல்லுங்கோ.”

அண்ணர் தடுமாறினார். “சரி, உனக்காக ஒரு பத்துப் போடு.”

“பத்து எண்டது கழிவு. இருபத்தைஞ்சு.”

“விசரே உனக்கு? பதினைஞ்சு காணும்.”

“மழை மாதத்திலையும் என்னால இருபத்தைஞ்சு ஏலும். அத்தான் பாத்துத்தான் சொன்னவர். ஏலாத மாதம் வந்தா ரெண்டு மாதத்தைச் சேத்துத் தருவன். ஆனா அஞ்சு வருஷத்துக்கு எழுத்தில வேணும்.”

தருகிறவர் கூட்டவும் வாங்குகிறவர் குறைக்கவும் நான் கேட்ட பேரம் இது ஒன்றுதான். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கடைசியில் அண்ணர் இருபத்தையாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். ஐந்து வருடம். கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து எழுதி அனுப்பும் வேலை என்னுடையது என்றும் முடிவாயிற்று.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தமையன் இலவசமாகத் தந்ததை விட்டு, தான் விலை கொடுத்து வைத்திருப்பதைத் தேர்ந்துகொண்டவர். கழிவை மனதாரக் கொடுக்கத் தெரிந்தவர். தனக்கு வந்தபோது அது எத்தனை நாளைக்கு என்று பார்க்கவும் தெரிந்தவர். அவர் அப்போது என்னைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“அது சரி,” என்றார் அண்ணர், குரலில் பகிடியும் கொஞ்சம் மனத்தாங்கலும் கலந்து. “இனி நான் வந்தா எங்க நிக்கிறது? என்ர வீட்டிலேயே எனக்கு இடமில்லையோ?”

“எப்ப வாறியள்?”

“ஆவணியில வரலாமெண்டு யோசிக்கிறன். பிள்ளையளும் வருவினம்.”

மச்சாள் போனைக் கையிலெடுத்து, அண்ணரின் குரல் அதற்குள்ளிருந்து பேசிக்கொண்டிருக்க, செயலியைத் திறந்து ஆவணி மாதத்துக்குத் தள்ளினார்.

“திகதியைச் சொல்லுங்கோ அண்ணை,” என்றார். “வேற ஆரும் பிடிக்க முதல் அடைச்சு வைக்கிறன்.”